நீராவி யானையின் குரல்

இடைவேளை முடிந்து விளக்குகள் அணைந்ததும் ஜெபமாலை முதல் வேலையாகத் தலைகளை எண்ணினாள். இருபத்தேழு. இடைவேளைக்கு முன்னால் இருபத்தொன்பது இருந்தது, இரண்டு பேர் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு அப்படியே நழுவிவிட்டார்கள், போகட்டும், பத்திரிகையாளர் காட்சியில் இரண்டே பேர் நழுவுவது நல்ல சகுனம் என்றுதான் சொல்லவேண்டும், போன மாதம் ஒரு பேய்ப் படத்துக்கு பஜ்ஜி வருவதற்கு முன்பே பாதிப் பேர் ஓடியிருந்தார்கள். படத்தில் வேலை பார்த்தவர்கள் கடைசி வரிசையில்தான் உட்காரவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை, ஆனாலும் எல்லாரும் அங்கேதான் வந்து உட்காருவார்கள், திரையைப் பார்ப்பதற்கு அல்ல, அதைத்தான் ஆறு மாதமாகப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துக் கிடக்கிறதே, விமர்சகர்களின் பின்மண்டையைப் பார்ப்பதற்கு. முகம் வாசலில் இயக்குநரின் கையைக் குலுக்கி ‘நல்ல முயற்சி சார்’ என்று சிரித்துவைக்கும். பின்மண்டைக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. நிமிர்ந்திருந்தால் நம்பிக்கை, சரிந்திருந்தால் சலிப்பு, குனிந்து கழுத்தோரம் நீல வெளிச்சம் அடித்தால் கைபேசியில் நம்மைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறார்கள் என்று அர்த்தம். இப்போது ஒன்பது கழுத்துகளில் நீல வெளிச்சம். மணி பன்னிரண்டே கால், எல்லாருக்கும் பசி வேறு, பசித்த விமர்சகனைப் போல ஆபத்தான பிராணி கோடம்பாக்கத்தில் கிடையாது. இன்னும் அரை மணி நேரத்தில் அந்தக் காட்சி வந்துவிடும், கடவுளே, அந்தக் காட்சி வராமல் இந்தக் கட்டடத்தில் கரண்டு போய்விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கரண்டு போகாது, ஜெனரேட்டர் இருக்கிறது, அவளே காலையில் பார்த்தாள். காலையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மகள் எடுத்துக் கொடுத்த மஞ்சள் புடவை, கணவர் தொபியாஸ் வாசல்வரை வந்து “உம் பேரு வரும்போது போட்டோ எடுத்துரு” என்று சொன்னது, ஆட்டோக்காரர் பேரம் பேசாமல் ஏற்றிக்கொண்டது. தியேட்டர் வாசலில்தான் படத்தின் இயக்குநர் இளவழுதி ஓடிவந்து கையைப் பிடித்தான். முப்பத்தொரு வயசு, முதல் படம், மூன்று வருஷமாக வேறு வேலை பார்க்காமல் இதையே கட்டிக்கொண்டு அழுத பிள்ளை, முந்தாநாள்தான் தாடியை எடுத்திருந்தான், கன்னம் பச்சையாக இருந்தது. “அக்கா, கிளைமாக்ஸ்ல ஒரு சின்ன மாத்தம் பண்ணிருக்கேன், உங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லல. சாகுற நேரத்துல அது பெரிய யானையா இருக்கக் கூடாதுக்கா, குட்டியாயிடணும். அதனால மிக்ஸிங்ல உங்க சவுண்டோட வேகத்தை மூணு மடங்கு கூட்டிட்டோம். கேட்டதும் எனக்கே கண்ணு கலங்கிருச்சு.” மூணு மடங்கு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஜெபமாலை அவன் கையை விட்டுவிட்டாள். ஏனென்றால் அவள் அதை மூன்று மடங்கு மெதுவாக்கித்தான் யானையாக்கியிருந்தாள். எட்டு நாள் பாடுபட்டுக் குக்கரை யானையாக்கினாள், இவர்கள் ஒரே நிமிஷத்தில் யானையைத் திரும்பக் குக்கராக்கிவிட்டார்கள்.

ஆமாம், குக்கர். அவள் வீட்டு ஐந்து லிட்டர் குக்கர், கைப்பிடி ஆடும், கேஸ்கெட் இரண்டு தடவை மாற்றியது. வேறு என்ன செய்வாள், ‘நீராவிப் பட்டணம்’ என்று ஒரு படம், அதில் ஊரே நீராவியில் ஓடுகிறது, டிராம் வண்டி நீராவி, அரண்மனைக் கதவு நீராவி, வானத்தில் மிதக்கும் கப்பல்கள் நீராவி, ராஜாவுக்கு விசிறிவிடுகிற பித்தளைப் பொம்மைகூட நீராவி, இத்தனைக்கும் சத்தம் போடவேண்டியவள் அவள் ஒருத்தி. திரையில் யார் நடந்தாலும் அவள் கால்தான் நடக்கும், அதுதான் அவள் தொழில், ஃபோலி என்று இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள், அவள் வந்த காலத்தில் வெறும் எஃபெக்ட்ஸ். இருட்டறையில் திரையைப் பார்த்தபடி மணல் தட்டிலும் ஜல்லித் தட்டிலும் நடப்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ கதாநாயகர்கள் அவள் காலால் வீரநடை போட்டிருக்கிறார்கள், எத்தனையோ வில்லன்களின் எலும்பு அவள் கையில் முருங்கைக்காயாக முறிந்திருக்கிறது. வானக்கப்பலுக்குத் தார்ப்பாய் போதும், பித்தளைப் பொம்மைக்குப் பூட்டும் சாவியும் போதும், ஆனால் கருமலை என்கிற அந்த இரும்பு யானை, வயிற்றுக்குள் நெருப்பு எரிய நடந்துவரும் யானை, அதற்குத்தான் எதுவுமே சேரவில்லை. ரயில் ஊதலைப் போட்டால் ரயில் வந்தது. நிஜ யானையைப் போட்டால் கோயில் வந்தது. “உயிரும் வேணும், இரும்பும் வேணும், இதுவரைக்கும் யாரும் கேட்காததா இருக்கணும்க்கா” என்று இளவழுதி தலையைப் பிய்த்துக்கொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை துவரம்பருப்பு வேகும்போது, விசில் வருவதற்குச் சற்று முன்னால் அந்தக் குண்டு லேசாகத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குமே, அதைக் கேட்டு அவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே ஓடி ரெக்கார்டரை எடுத்துவந்தாள். தொபியாஸ் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, “இந்தா, ஏழு விசில் ஆச்சு” என்றார். பருப்பு அடிப்பிடித்தது, யானை கிடைத்தது.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்துத்தான் போனாள், ஆனால் அந்தப் பிள்ளை அதைக் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு “இதான்க்கா, இதான் என் கருமலை, எந்த இரும்புல இருந்து எடுத்தீங்க” என்று கேட்டபோது, குக்கர் என்று எந்த வாயால் சொல்வது? “ஒரு பழைய ரைஸ் மில்லு பாய்லர் தம்பி, தஞ்சாவூர்ப் பக்கம்” என்று வந்துவிட்டது வாயில். ஒரு பொய்தானே என்று விட்டால் அது வளர்ந்து தாடி மீசை வைத்துக்கொண்டது. அவன் ஒரு பேட்டியில் சொன்னான், பேட்டி எடுத்தவர் ‘நூற்றிருபது வயதுக் கொதிகலனின் கடைசி மூச்சு’ என்று தலைப்புப் போட்டார், அதைப் படித்துவிட்டு இவன் மில்லைப் படம் எடுக்கக் கேமராவோடு கிளம்பினான், அவள் பதறிப்போய் மில்லை இடித்துவிட்டார்கள் என்று சொல்ல, அவன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் மௌனமாக நின்றான். இல்லாத மில்லுக்கு அஞ்சலி. அவளும் கூடவே நின்றாள், பாவி, புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. அதற்கு மேல் போய், டைட்டிலில் அவள் பெயரைக் கூட்டத்தோடு கூட்டமாகப் போடாமல் ‘யானையின் குரல்: ஜெபமாலை’ என்று தனியாகவே போட்டுவிட்டான். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. இன்றைக்கு அந்தக் காட்சியில் தியேட்டரே சிரித்தால் அந்தப் பெயரும் சேர்ந்து சிரிக்கும், நாளையிலிருந்து அவள் குக்கர் ஜெபமாலை, அதுகூடப் பரவாயில்லை, தாங்கிக்கொள்ளலாம், அந்தப் பிள்ளையின் மூன்று வருஷம் போய்விடுமே, அதைத்தான் தாங்கமுடியாது.

திரையில் வஞ்சி ஓடிக்கொண்டிருந்தாள். வஞ்சி யானைப்பாகன் மகள், பதினைந்து வயசு, கருமலையை ஓட்டுகிறவள், அவள் இரும்புப் படிக்கட்டில் தடதடவென்று ஏற, ஜெபமாலையின் கால் கட்டைவிரல்கள் செருப்புக்குள் தானாகவே அசைந்தன, இந்த இடத்தில் மூன்றாவது படியில் அவளுக்குச் சுளுக்கிக்கொண்டது, அந்தச் சுளுக்கு அப்படியே சத்தத்தில் இருக்கிறது, யாருக்கும் தெரியாது. இரண்டாம் வரிசை நடுவில் இருக்கும் மண்டை அசையவில்லை. நடுவில் வழுக்கை, சுற்றிலும் நரைத்த வேலி, குணாளன், ஒரு வாரப் பத்திரிகையில் முப்பது வருஷமாக எழுதுகிறவர், அவர் எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் தங்களுக்குப் படம் பிடித்ததா இல்லையா என்று முடிவு செய்வார்கள் என்று ஒரு பேச்சு. சிரிக்கமாட்டார், கைதட்டமாட்டார், படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது எழுந்து போய்விடுவார், முடிவு தெரியாமல் எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டால் எல்லா முடிவும் ஒன்றுதான் என்பாராம். இடைவேளையில் அவள் அவர் பின்னாலேயே காப்பிக்கு நின்றாள். மைக்கும் கையுமாக வந்த ஒரு யூடியூப் பெண், சுருட்டை முடி, சிவப்புக் கண்ணாடி, “எப்படி சார் இருக்கு” என்று கேட்க, அவர் பஜ்ஜியின் எண்ணெயைப் பேப்பரில் ஒற்றி எடுத்துக்கொண்டே, “பாக்க நல்லாருக்கும்மா. ஆனா ஒட்டல” என்றார். அந்தப் பெண்ணும் உடனே தலையாட்டி, “அதே சார், பிரம்மாண்டமா இருக்கு, எமோஷன் கனெக்ட் ஆகல” என்றாள். எமோஷன் கனெக்ட் ஆகல. இந்த மூன்று வார்த்தையில் எத்தனை படங்கள் செத்திருக்கின்றன. ஒட்டுவதற்கென்று இளவழுதி வைத்திருப்பதே அந்த ஒரு காட்சிதான், அந்தக் காட்சியில்தான் குக்கர், இருபத்தேழு பேரும் பசியோடு உட்கார்ந்திருக்க, சரியாகச் சமையல் நேரத்தில்.

ஏதாவது செய்யவேண்டும். இருமலாம். விசில் வரும்போதெல்லாம் சத்தமாக இருமினால் பாதி மறைந்துபோகும், ஆனால் அவள் இருமல் எப்போதும் பொய் இருமல்போலத்தான் இருக்கும், ஆஸ்பத்திரிக் காட்சிகளுக்கு எத்தனை தடவை இருமியிருக்கிறாள், இளவழுதிக்கு அந்த இருமல் தெரியும். மடியில் இருக்கும் எவர்சில்வர் பாட்டிலைத் தவறவிடலாம், படியில் உருண்டு இரண்டாம் வரிசைவரை போகும், ஒரு விசிலுக்கு அது போதும், ஆனால் விசில் நான்கு. அந்தப் பிள்ளை எழுதிவைத்திருக்கிறான், முதல் குரல் பயம், இரண்டாவது வலி, மூன்றாவது விடைபெறுதல், நான்காவது மன்னிப்பு. நான்கு பாட்டிலுக்கு எங்கே போவது? அந்தோணியாரே, இந்த ஒரு தடவை காப்பாற்றிவிடும், காணாமற்போன சாவியெல்லாம் கண்டுபிடித்துத் தருகிறீரே, ஒரு சத்தத்தை மட்டும் காணாமல் அடித்துவிடும், செவ்வாய்க்கிழமை நடந்தே வருகிறேன், பொய் சொல்லமாட்டேன், அதாவது இனிமேல் சொல்லமாட்டேன். பக்கத்தில் இளவழுதி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். இவனிடம் இப்போது சொல்லிவிடலாமா? சொல்லி என்ன ஆகும், அந்தப் பச்சைக் கன்னத்தோடு எழுந்து ஓடுவான், ஓடட்டும், இல்லை, வேண்டாம், ஐந்து நிமிஷம் நிம்மதியாக நகத்தைக் கடிக்கட்டும். சுருட்டை முடியின் கழுத்தில் நீல வெளிச்சம் எரிந்துகொண்டே இருந்தது, ‘கனெக்ட் ஆகல’ என்று ஏற்கனவே தட்டிவிட்டிருப்பாள், பெண்ணே, உன் அம்மா வீட்டில் சாம்பார் வைத்ததே இல்லை என்று சொல், உன்னைக் கும்பிடுகிறேன்.

வந்துவிட்டது. கடைத்தெரு நடுவில் கருமலை நிற்கிறது, மந்திரி அதன் மூச்சுக் குழாய்களையெல்லாம் அடைத்துவிட்டான், வயிற்றின் இரும்பு சிவந்துகொண்டே வருகிறது, வெடித்தால் தெருவே போகும். வஞ்சி மட்டும் வயிற்றடியில் இருக்கும் திருகைத் திருப்பி நெருப்பை அணைக்கலாம், அணைத்தால் ஊர் பிழைக்கும், ஆனால் ஒருமுறை அணைந்த நெருப்பு மறுபடி அதே யானையாக எரியாது, சின்னப் பிள்ளையிலிருந்து அவளைத் தூக்கி வளர்த்த யானை. இசை நின்றது. ஜெபமாலை மூச்சை இழுத்துப் பிடித்து இருமலைத் தொண்டைவரை கொண்டுவந்தாள். குண்டு லேசாகத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கியது, தியேட்டரின் நான்கு மூலையிலிருந்தும், அவள் வீட்டு அடுப்படியே பெரிதாகி இவர்கள் எல்லாரும் உள்ளே உட்கார்ந்திருப்பதுபோல, பிறகு விசில். முதல் விசில். சுத்தமான, ஐயம் திரிபற்ற குக்கர். இருமல் வரவில்லை. சிரிப்புக்காகக் காத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை. மூன்றாம் வரிசையில் ஒரு தலை மட்டும் இடமும் வலமும் திரும்பிப் பார்த்தது. சுருட்டை முடியின் நீல வெளிச்சம் அணைந்தது. இரண்டாவது விசில். சாய்ந்திருந்த முதுகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன, ஒருவர் கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினார், இது என்ன, ஏன் இறக்குகிறார்? மூன்றாவது விசில் வந்தது, வஞ்சி திருகின்மேல் கையை வைத்தாள், அரங்கம் முழுவதும் தோள்கள் தளர்வதை ஜெபமாலை கண்ணால் பார்த்தாள், சரி, அணைக்கப்போகிறாள் என்று. வஞ்சி அணைக்கவில்லை. கையை எடுத்துவிட்டு இரும்பு வயிற்றில் கன்னத்தை வைத்து அழுதாள்.

அப்போதுதான் ஜெபமாலைக்கு உறைத்தது. மூன்றுக்கு மேல் போகக்கூடாது. பிறந்ததிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு வேளை கேட்டுக் கேட்டு இந்த அரங்கத்தில் இருக்கும் ஒவ்வொரு உடம்புக்கும் அது தெரியும், தெரியும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. குளித்துக்கொண்டிருந்தாலும் எண்ணியிருக்கிறார்கள், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாலும் எண்ணியிருக்கிறார்கள், பக்கத்து வீட்டு விசிலைக்கூட எண்ணி, இவள் ஏன் இன்னும் அணைக்கவில்லை என்று தவித்திருக்கிறார்கள். யாரும் குக்கரைக் கேட்கவில்லை, யானையைத்தான் கேட்கிறார்கள், தவிப்பு மட்டும் வீட்டிலிருந்து வருகிறது. குண்டு மறுபடி மூச்சு வாங்கத் தொடங்கியது. இருபத்தேழு மண்டைகளும் முன்னால் நகர்ந்தன, யாரோ நாக்கால் ‘ச்சு’ கொட்டினார்கள், சுருட்டை முடி இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டாள். நான்காவது விசில் கிளம்பி நீண்டுகொண்டே போனபோது இரண்டாம் வரிசை நடுவில் குணாளன் எழுந்தார். போச்சு, ஜெபமாலை கண்ணை மூடிக்கொண்டாள், மனிதர் கிளம்பிவிட்டார், அவ்வளவுதான், எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்துக்கு முன்னால் முடிந்துவிட்டது. காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள், காலடிகளை அவளைவிட நன்றாகக் கேட்பவர்கள் இந்த ஊரில் இல்லை, ஒரு காலடியும் வரவில்லை. கண்ணைத் திறந்தாள். அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார், வலது கை பாதி நீண்டு அந்தரத்தில் இருந்தது. “அணைம்மா” என்றார். அவருக்கே கேட்காத குரலில். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, “அணைச்சிரும்மா, போதும்” என்றார். முன்வரிசையில் இன்னொருவர், “அணைக்கச் சொல்லுங்களேன்” என்றார், யாரிடம் சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. வஞ்சி அழுதுகொண்டே திருகைத் திருப்பினாள். நெருப்பு அடங்கியது, ஆவி பெருமூச்சாக இறங்கியது, இருபத்தேழு பேரும் சேர்ந்து மூச்சை விட்டார்கள். குணாளன் உட்கார்ந்து கைக்குட்டையைத் தேடினார். சுருட்டை முடி கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெளிப்படையாகவே அழுதுகொண்டிருந்தாள்.

இளவழுதி அவள் பக்கம் சாய்ந்தான். கன்னமெல்லாம் ஈரம். “அக்கா, என்னக்கா இது? நான் எழுதும்போதுகூட இப்படி நெனைக்கல. இந்த அளவுக்கு ஏன் தவிக்கிறாங்க?” என்று காதருகில் கேட்டான். சந்தோஷம் ஜெபமாலையின் நெஞ்சை அடைத்தது, இனிமேல் பொய் சொல்லமுடியாது, இடமில்லை. “தம்பி, அது மில்லு இல்ல” என்றாள். “என்னது?” “பாய்லரும் இல்ல. எங்க வீட்டு குக்கர்.” திரையின் வெளிச்சம் அவன் முகத்தில் மாறி மாறி அடித்தது. கோபப்படட்டும், திட்டட்டும், டைட்டிலிலிருந்து பெயரைத் தூக்கட்டும், எதுவானாலும் சரி என்று அவள் தயாராகிவிட்டாள், உண்மையில் அவள் இத்தனை லேசாக உணர்ந்து ஆறு மாதம் இருக்கும். “எந்த குக்கரு?” என்று கேட்டான் கடைசியில். “அஞ்சு லிட்டர்.” “உள்ள என்ன இருந்துச்சு?” “துவரம்பருப்பு.” அவன் தோள் ஒருமுறை குலுங்கியது. மறுபடி குலுங்கியது. “நான் அந்த மில்லுக்கு ஒரு நிமிஷம் மௌனமா நின்னேனேக்கா” என்று சொல்லும்போதே அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டான், பொத்திய கைக்கு மேலே மூக்கு வழியாக வந்தது சிரிப்பு. “நானும்தான தம்பி கூட நின்னேன்” என்று அவள் சொன்னதுதான் தாமதம், இரண்டு பேருக்கும் அடக்கமுடியவில்லை, அவள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள், அவன் சீட்டிலிருந்து பாதி வழுக்கிக் கீழே போய்விட்டான், கடைசி வரிசையே ஆடியது.

இரண்டாம் வரிசையிலிருந்து குணாளன் திரும்பினார். இருட்டில் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. கண் சிவந்திருந்தது, கைக்குட்டை கையில் இருந்தது, முப்பது வருஷத்தில் அவரிடம் யாரும் பார்த்திராத கோபம் முகத்தில் இருந்தது.

“யாருங்க அது பின்னால? இங்க ஒரு உயிர் போயிருக்கு, சிரிச்சுக்கிட்டு இருக்கீங்க. படம் பாக்கறதுன்னா பாருங்க, இல்லன்னா எந்திரிச்சு வெளிய போங்க.”

“சாரி சார்” என்றான் அந்தப் படத்தை எடுத்தவன், கைகட்டி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு.